வீட்டுக் களஞ்சியமும் அடுக்களைச் சிக்கனமும்

உய்யக்கொண்டான் வாய்க்காலாலும், காவிரி கொள்ளிடக் கிளைகளாலும் பாசனம் பெறும் திருச்சிராப்பள்ளி வட்டாரத்து ஊர்களில், அறுவடையான நெல்லில் வீட்டுச் செலவுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்து எஞ்சியதை விற்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். நெல் முழுவதையும் விற்றுவிட்டு அரிசியைக் கடையில் வாங்கும் குடும்பங்கள் இக்காலத்தில் பெருகியிருப்பினும், சாப்பாட்டு நெல்லை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் நிலமுடையோர் இன்றும் பலர் உளர். இவர்களுடைய வீடுகளில் சிக்கனம் என்றவுடன் எண்ணப்படுவது சோப்பு, எண்ணெய், விளக்கு, அடுப்பு என்பவையே. இவற்றில் கருத்து வேண்டியதுதான். ஆயினும் குடியானவன் வீட்டிற் பெரிய நஷ்டம் அடுக்களையில் நிகழ்வதன்று. அடுக்களைக்குப் பின்புறத்து அறையில், ஒருவர் கண்ணுக்கும் படாமல், மூட்டைகளுக்குள்ளே நிகழ்வதாகும்.

ஆறு பேருள்ள ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 2 கிலோ அரிசி செலவென்று வைத்துக்கொள்வோமானால், ஆண்டுக்கு 730 கிலோ அரிசி வேண்டும். நெல்லில் மூன்றில் இரண்டு பங்கு அரிசி காணும் என்ற கணக்கில், இதற்குச் சுமார் 1,100 கிலோ நெல் இருப்பு வைக்கவேண்டும். இதில் நூற்றுக்கு ஐந்து பங்கை மட்டும் வண்டும் எலியும் பூஞ்சணமும் கொண்டுபோவதாக வைத்துக்கொண்டாலும், 55 கிலோ நெல் போயிற்று. அது அக்குடும்பத்தின் பதினெட்டு நாட் சோறு. அறுப்புக்கூலியும் போரடிக்கும் கூலியும் கொடுத்து வீடு கொண்டுவந்து சேர்த்த நெல் இது. சோப்புக் கட்டியை இரண்டாக நறுக்கி வைத்துக்கொள்வதால் இந்த நஷ்டம் ஈடாகாது.

முற்காலத்தார் இவ்விஷயத்தை எவ்வளவு பெரிதாக எண்ணினர் என்பதற்கு ஸ்ரீரங்கத்திலேயே சாட்சி உண்டு. அரங்கநாதசுவாமி கோயிலினுள் செங்கல்லாற் கட்டிய உருளை வடிவமான பெரிய நெற்களஞ்சியங்கள் நிற்கின்றன. 2015-ஆம் ஆண்டுக் கும்பாபிஷேகத்தை ஒட்டி நடந்த திருப்பணிக்காக 2017-ல் யுனெஸ்கோவின் பாராட்டுப் பரிசு இக்கோயிலுக்குக் கிடைத்தது. தஞ்சை நாயக்க மன்னர் காலத்தில் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் எழுப்பப்பட்ட களஞ்சியமோ 3,000 கலம் நெல் கொள்ளத்தக்கது. இக்கட்டடங்களைப் பார்க்கச் செல்வோர் அவற்றின் உயரத்தைக் கண்டு வியந்து திரும்புவதோடு நின்றுவிடலாகாது. சுவரின் கனம் பகல் வெயிலையும் இரவுக் குளிரையும் நெல்லுக்கு எட்டவொட்டாமல் தடுக்கிறது. வட்டமான அறையில் மூலை இல்லை. மூலை இல்லாத இடத்தில் பழைய தூசியும் அதிலே தங்கும் வண்டும் குறைவு. வீட்டுக் குதிரும் இதே முறையிற் சமைந்ததுதான். களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து உறையுறையாக அடுக்கி, அடியில் ஒரு துவாரம் வைத்து, அதன் வழியே வேண்டும்போது நெல்லை வாங்கிக்கொள்வர். மேல் மூடியை அடிக்கடி திறக்கவேண்டிய அவசியமில்லை. குதிரைப் பழம்பொருளென்று உடைத்தெறிந்துவிட்டுச் சாக்கு மூட்டைகளைத் திண்ணையில் அடுக்கியோர் அதனால் லாபமடைந்ததாகச் சொல்வதற்கில்லை.

களஞ்சியம் எதுவாயினும், அதிற் போகும் நெல் நன்றாய்க் காய்ந்திருக்கவேண்டும். ஆண்டு முழுவதும் வைக்கும் நெல்லில் ஈரம் நூற்றுக்கு 12 முதல் 13 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது. 14-க்கு மேற்பட்டால் நாளடைவில் பூஞ்சணம் பிடிக்கும். பல்லிற் கடித்து, கடக்கென்று முறிகிறதா என்று பார்ப்பது அனுபவஸ்தர்களுக்குப் போதும். அனுபவம் போதாதவர்க்கு உப்புப் பரீட்சை ஒன்று உண்டு. அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியொன்றை நன்கு உலர்த்தி, மூன்றில் ஒரு பங்கு நெல்லிட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி போட்டு மூடி, ஒரு நிமிஷம் குலுக்கிக் கால்மணி நேரம் அசையாமல் வைக்கவேண்டும். கண்ணாடியில் உப்பு ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் 15 பங்குக்கு மேல் என்று அறியலாம். நெல்லை மீண்டும் களத்தில் இடவேண்டும். உப்பு ஒட்டாமல் உதிர்ந்துவிட்டால் அதோடு திருப்தியடையாமல் இன்னும் ஒருநாள் வெயில் காட்டுவது நலம்.

காயவைப்பதிலும் கவனம் தேவை. இரண்டு விரற்கடைக் கனத்துக்கு மேற்படாமற் பரப்பி, மணிக்கொருமுறை காலால் துழாவிவிடவேண்டும். பச்சரிசிக்கென வைக்கும் நெல்லை உச்சி வெயிலில் ஒரேயடியாகக் காய்ச்சினால் மணி உள்ளே வெடித்து, அரைக்கும்போது நொய்யாகிவிடும். நடுப்பகலில் குவித்து மூடி வைத்துப் பின்னேரத்தில் மறுபடி பரப்புவது உத்தமம். வெயிலிற் சூடேறிய நெல்லை அச்சூட்டோடு மூட்டை கட்டுவது மிகவும் கேடு. இரவு குளிர்ந்தவுடன் உள்ளே வியர்த்து ஈரம் கோக்கும். மாலையில் நிழலிற் பரப்பி ஆறவிட்டே கட்டவேண்டும்.

புது நெல் வருமுன் களஞ்சிய அறையை வெறுமையாக்கிப் பெருக்கி, சுவர்ப் பிளவுகளை மண்ணாலோ சிமெண்டாலோ அடைத்துச் சுண்ணாம்பு அடிப்பது மார்கழி மாதத்து வேலை. பெருக்கிய தூசியை வாசற்படியருகே கொட்டக்கூடாது. அதில் முட்டையும் புழுவும் ஆயிரக்கணக்கில் இருக்கும். எரித்துவிடவேண்டும். பழஞ்சாக்குகளை உட்புறம் வெளியாகத் திருப்பி, கொதிநீரில் நனைத்து, கடும் வெயிலில் உலர்த்தியபின் உபயோகிக்கலாம். மூட்டைகள் தரையிலும் சுவரிலும் படாமல், பலகைமேல், சுவருக்கு ஒரு முழம் விட்டு அடுக்கப்படவேண்டும். சென்ற ஆண்டு நெல்லோடு புது நெல்லைக் கலப்பது பலர் செய்யும் பிழை. பழையதில் உள்ள வண்டுக்கு விருந்து வைத்ததுபோல் ஆகும்.

நெல்லாகவே வைத்து மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்வது, அரிசியாக்கி வைப்பதினும் மேலானது. உமி மணிக்கு ஒரு கவசம். நெல்லிலே அந்துப்பூச்சி பெரும்பாலும் மேற்பரப்பிலேயே முட்டையிடுவதால், குவியலின் மேல் உலர்ந்த உமியை நான்கு விரற்கடைக் கனத்தில் பரப்பி மூடினால் அதன் தொல்லை பெரிதும் தணியும். அரிசிக்கு வருவதோ மூக்கு நீண்ட அரிசி வண்டு. அது மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு வாயையும் அடைத்துவிடும். ஆகையால் வெளியே வண்டு ஒன்றும் காணப்படாத அரிசியிலும் உள்ளே புழு வளர்ந்துகொண்டிருக்கக்கூடும். இவ்வண்டுகளை முன்கூட்டியே கண்டறியத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் துளையிட்ட குழாய்ப் பொறியொன்றைப் பரப்பியுள்ளனர். தானியத்துள் அதைச் செருகிவைத்தால், காற்றோட்டத்தை நாடி வரும் வண்டுகள் துளை வழியே புகுந்து அடிக்கிண்ணத்தில் விழும். ஒன்றிரண்டு விழுந்தவுடனே வெயில் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. நூறு விழும்வரை காத்திருப்பது பொறியை வாங்கியும் பயனில்லாமற் செய்வதாகும்.

வேப்பிலையும் வசம்பும் எல்லா வீட்டிலும் அறிந்தவை. இவை வண்டு அணுகாமல் ஓரளவு விலக்குமேயன்றி, மணிக்குள் இருக்கும் புழுவைக் கொல்லா. பச்சை வேப்பிலையை அப்படியே போடுவதால், விலக்கும் குணத்தைவிட இலையிலுள்ள ஈரம் செய்யும் தீங்கே மிகுதியாகிறது. நிழலிற் சருகாக உலர்த்தியே இடவேண்டும். இவற்றையெல்லாம்விட வல்லதொரு முறை காற்றடைப்பு. நன்கு காய்ந்த தானியத்தைத் தகர டின்னிலோ பிளாஸ்டிக் டிரம்மிலோ கழுத்துவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடிவிட்டால், உள்ளிருக்கும் பூச்சிகள் உள்ள பிராணவாயுவைத் தாமே சுவாசித்துத் தீர்த்து மடியும். டின் பாதி வெறுமையாயிருந்தாலும், நாள்தோறும் திறந்து மூடினாலும் இம்முறை பலிக்காது. ஆகவே பெரிய டிரம்மை மூடியே வைத்து, வாரச் செலவுக்கு ஒரு சிறு டின்னை வேறாக வைத்துக்கொள்வது புத்தி.

பயறு வகைகளுக்கு வேறு யுக்தி தேவை. பயறு வண்டு வயலிலேயே நெற்றின்மேல் முட்டையிட்டு, வீட்டுக்கு உடன் வந்துவிடும் பூச்சி. முழுப் பயறையே அது நாடும். உடைத்த பருப்பில் அவ்வளவாகப் பெருகுவதில்லை. துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து, உடைத்துப் பருப்பாக வைக்கும் பழைய வழக்கத்தின் காரணம் இதுவே. முழுதாக வைக்கவேண்டிய உளுந்து, பச்சைப்பயறு, காராமணி முதலியவற்றை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலிற் காயவைத்து, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய் விட்டுப் பிசறிவைத்தால் முட்டை மூச்சற்றுப் பொரியாது போகும். விதைக்கென வைப்பதிற் சலித்த சாம்பலைச் சம எடை கலப்பதும் உண்டு. உணவுக்கு வைப்பதில் அது கழுவும் வேலையை அதிகமாக்கும்.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று அவசியம். அலுமினியம் பாஸ்பைடு என்ற நச்சு மாத்திரையை யார் மூலமாகவோ வாங்கி, படுக்கும் அறையிலுள்ள மூட்டைகளுக்கு நடுவே வைத்துவிடுவோர் உண்டு. காற்றிலுள்ள ஈரம் பட்டவுடன் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் விஷவாயு கிளம்புகிறது. கதவிடுக்கிலும் சுவர்ப் பிளவிலும் அது பக்கத்து அறைக்குச் செல்லும். அங்கே உறங்கும் குழந்தைகளே முதலில் பலியாவர். இவ்விஷத்துக்கென்று தனியான மாற்று மருந்து கிடையாது. அரசு, அரசு நிறுவனங்கள், உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்போர் ஆகியோரே, தேர்ந்தவர் மேற்பார்வையில் இதைக் கையாளலாம் என்பது சட்டம். குடியிருக்கும் வீட்டில் இது ஒரு மாத்திரையும் இருத்தல் தகாது. பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ காரணமின்றி வீட்டில் எழுந்தால் எல்லோரும் உடனே வெளியேறி, கதவுகளைத் திறந்துவிட்டு, தலைச்சுற்றலோ வாந்தியோ உள்ளவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். பத்து மூட்டை நெல்லைக் காப்பாற்ற வெயிலும் காற்றடைப்பும் போதும்.

ஆற்றோரத்து ஊர்களில் களஞ்சியத்தின் உயரமும் கவனிக்கத்தக்கது. 1924-ஆம் வருஷத்து ஆடி வெள்ளம் காவிரிக்கரைக் குடிகளுக்கு நெடுநாள் நினைவிலிருந்தது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபின் வெள்ள பயம் குறைந்ததேயன்றி நீங்கவில்லை. 1977 நவம்பர்ப் புயலை அடுத்துத் திருச்சிராப்பள்ளி நகரத் தெருக்களிலேயே நீர் புகுந்தது. வெள்ளத்தின் அடையாளம் சுவரில் எந்த மட்டத்தில் நின்றதென்று முதியோரைக் கேட்டு, அதற்கு மேலாகப் பரணோ மேடையோ அமைத்து விதைநெல்லையேனும் அதில் வைப்பது முறை.

இனி அடுக்களைக்கு வரலாம். அரிசியை நாலைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வேகவைத்துக் கஞ்சியையும் வடித்துக் கொட்டும் பழக்கத்தில், தவிட்டின் மிச்சத்திலிருக்கும் பி1 என்னும் ஜீவசத்து பெரும்பாலும் போய்விடுகிறது. குன்னூரில் 1918-ல் மெக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சி பெரிபெரி நோயைப் பற்றியது. தீட்டிய பச்சரிசியையே நம்பியிருப்போருக்கு வரும் நோய் அது. புழுங்கலரிசியில் அச்சத்து மணியினுள் ஊறிப்போவதால், கழுவினாலும் அவ்வளவு எளிதில் நீங்காது. ஆகவே புழுங்கலரிசி உண்ணும் குடும்பம் அதை விடாதிருப்பது நன்று. பச்சரிசியாயின் இரண்டு தண்ணீரோடு நிறுத்தி, அளந்த நீரில் வேகவைக்கலாம். வடித்தே பழகியவர்கள் கஞ்சியைச் சாக்கடையில் விடாமல் குடிக்கவோ, துணிக்குப் போடவோ வைத்துக்கொள்ளவேண்டும். கழுநீர் மாட்டுக்கு உரியது.

எரிபொருட் செலவைக் குறைக்க, வைக்கோல் உள்ள வீட்டாருக்கு ஒரு வழி உண்டு. அதிகம் பேர் இன்னும் கைக்கொள்ளாதது. ஒரு மரப்பெட்டியிலோ கூடையிலோ அடியிலும் பக்கங்களிலும் நான்கு அங்குலக் கனத்துக்கு உலர்ந்த வைக்கோலைத் திணித்து, நடுவே பானை அளவுக்குக் குழி விடவேண்டும். சோறு அடுப்பில் ஐந்து நிமிஷம் தளதளவென்று கொதித்தவுடன் இறக்கி, பானையின் அடியில் கங்கு எதுவும் ஒட்டவில்லையென்று துடைத்துப் பார்த்து, குழியில் வைத்து, வைக்கோல் அடைத்த மெத்தையால் மூடிவிட்டால் ஒரு மணி நேரத்தில் தானே வெந்திருக்கும். ஊறவைத்த பருப்புக்குக் கால்மணிக் கொதியும் இரண்டு மூன்று மணிப் பொழுதும் ஆகும். இடையில் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கவேண்டும். கொஞ்சமாகச் சமைத்தால் சூடு நில்லாது. பானை முக்கால் நிறைந்திருக்கவேண்டும். சூடு ஆறிய உணவைப் பெட்டியிலேயே இரவு முழுதும் விட்டால் கெடும்.

பாத்திரம் துலக்குவதில், விலை கொடாமற் கிடைக்கும் பொருள்கள் பல. அவற்றின் குணத்தை அறிந்து உபயோகிக்காததால் பாத்திரம் பாழாவதும் உண்டு. விறகுச் சாம்பலில் காரம் உள்ளது. அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். மண்ணச்சநல்லூர் முதலிய ஊர்களின் அரிசி ஆலைகளில் மலைபோற் குவியும் உமிச்சாம்பலோ பெரும்பகுதி மணற்சத்து. அது தேய்த்துப் பளபளப்பாக்கும். எவர்சில்வரில் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். உலர்ந்த தூளாக வாரி இறைத்தால் நெஞ்சுக்குள் போகுமாதலால், நனைத்தே தொடவேண்டும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சாம்பலும் ஆகாது, புளியும் ஆகாது. சாம்பலின் காரம் அந்த உலோகத்தையே அரித்துவிடும். அரப்புத் தூளும் பூந்திக்கொட்டை நீரும் அதற்கு ஏற்றவை. பித்தளை, செம்புக்கு, கரைத்தெடுத்த புளியின் சக்கையே போதும். துலக்கியவுடன் நீர்விட்டலம்பி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டால் களிம்பு ஏற நாளாகும்.

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பும் மோரும் வைத்தால் செம்பு அதில் இறங்கி வாந்தி பேதியை உண்டாக்கும். ஈயப்பூச்சுத் தேய்ந்து மஞ்சள் தெரிந்தவுடனே பூசுபவரிடம் கொடுத்துவிடவேண்டும். ரசத்துக்கு வைக்கும் ஈயச்செம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதிற் காரீயம் கலந்திருந்தால், அளவிற் சிறிதாயினும் குழந்தைகளின் மூளைக்குக் கேடு. விலை மலிவென்று சந்தையில் வாங்கும் ஈயச்செம்பு மலிவன்று. நம்பகமான கடையில், கலப்பில்லையென்ற உறுதியோடு வாங்கவேண்டும்.

ஆடியில் புதுநீர் வரும்போது காவிரியோரத்து ஊர்களில் நீர் செங்காவியாய்க் கலங்கி ஓடும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் இழைத்து நீர் ஊற்றினால் மண் அடியிற் படிந்து நீர் தெளியும். தெளிந்த நீர் சுத்த நீரென்று நினைப்பது அபாயம். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமி அதில் அப்படியே இருக்கும். தெளிந்ததைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். தெளியவைப்பதால் உள்ள லாபம், காய்ச்சும் பாத்திரத்தில் சேறு படியாமையே.

வாழையைப் பற்றி ஸ்ரீரங்கத் தீவினருக்குச் சொல்லவேண்டியது சிறிது. இலையில் உண்டு, சருகில் தொன்னை தைத்து, நாரிற் பூத்தொடுத்து, தண்டையும் பூவையும் கறியாக்கி, அடிமட்டையை உரக்குழியிலிடும் குடும்பத்துக்கு எதைச் சொல்லித்தருவது? திருச்சிராப்பள்ளியில் 1993-ல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தார் தண்டுச் சாற்றையும், காய் மாவையும், பூவையும் விற்பனைப் பொருளாக்கும் முறைகளை வகுத்துள்ளனர். காற்றிற் சாய்ந்த தோட்டத்துக் காய்களை விலையின்றி விடுவதைவிடச் சீவி உலர்த்தி மாவாக்குவது பயன் தரும்.

முடிவாக, கிராம அதிகாரிகளுக்கு உரியது எலி விஷயம். ஒரு வீட்டார் மட்டும் பொறி வைத்தால் அடுத்த வீட்டு எலி அவ்விடத்தை நிரப்பும். எலி மூன்று வாரத்தில் குட்டி ஈனுமாதலால், சில மாதங்களில் பழைய நிலைமையே திரும்பிவிடும். எலி தின்பதைவிடச் சிந்திக் கெடுப்பதும், மூத்திரத்தால் அசுத்தமாக்குவதும் அதிகம். அம்மூத்திரத்தின் வழியே எலிக்காய்ச்சலும் பரவும். மணியக்காரரும் கர்ணமும் இருந்த பரம்பரைப் பதவிகள் 1980-ல் நீக்கப்பட்டபின், ஊரைக் கூட்டும் பொறுப்பு கிராம நிர்வாக அலுவலரையும் ஊராட்சித் தலைவரையும் சார்ந்துள்ளது. வயலில் தீனி குறைந்து எலிகள் வீட்டை நாடும் மாசி, பங்குனியில் ஒரு வாரத்தைக் குறித்து, ஊர் முழுதும் ஒரே நாளில் வளையடைத்து, தஞ்சாவூர்க் கிட்டிகளை ஒருசேர வைத்தால் பயன் தெரியும். மூங்கிலால் செய்யும் அக்கிட்டிக்கு விஷம் வேண்டாம். நாயும் கோழியும் சாவதில்லை. பிடிபட்ட எலிகளைக் கையால் தொடாமல் ஆழக் குழியிற் புதைத்து, கிட்டிகளை வெந்நீரில் அலம்பி அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கலாம்.